தெரியும், ஆனால் செய்ய முடியவில்லை: ஏ.டி.எச்.டி. பற்றி வாசகர் கேள்விகள்

கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்று நீட்டிச் சொல்வதைவிட ஏ.டி.எச்.டி. என்றால்தான் இன்று பலருக்கும் சட்டென்று புரிகிறது. பள்ளிப் பிள்ளைகளின் துறுதுறுப்பு என்றே இதை நினைத்து வந்திருக்கிறோம். இந்த முறை வந்த கடிதங்களோ பெரும்பாலும் பதினெட்டு முதல் முப்பது வயதுக்குள் இருப்பவர்கள் எழுதியவை. சில, அவர்களைப் பெற்றவர்கள் எழுதியவை. பெயர்களை வெளியிடவில்லை, நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

கே: எனக்கு 21 வயது, கல்லூரியில் கடைசி வருடம். புத்தகத்தைத் திறந்து ஒரே பத்தியை ஐந்து தடவை படிக்கிறேன், ஒன்றும் ஏறுவதில்லை. ஆனால் வீடியோ எடிட்டிங் என்றால் சாப்பாடு, தூக்கம் மறந்து எட்டு மணி நேரம் உட்காருகிறேன். "மனசு வெச்சா உன்னால முடியும், எல்லாம் சோம்பல்" என்கிறார் அப்பா. அவர் சொல்வதுதான் சரியோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ப: சோம்பலாக இருப்பவர் வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார். நீங்கள் மேசை முன்னால் உட்கார்ந்து, படிக்கவும் முடியாமல், எழுந்து போகவும் மனம் வராமல் தவிக்கிறீர்கள். அப்பாவிடம் இந்த வித்தியாசத்தைத்தான் முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஏ.டி.எச்.டி. என்ற பெயரே கொஞ்சம் குழப்புகிறது. கவனம் இல்லை என்பதல்ல இதில் உள்ள சிக்கல். கவனத்தை வேண்டிய இடத்தில் வைக்கவும், வேண்டாதபோது அங்கிருந்து எடுக்கவும் உள்ள பிடி தளர்ந்திருக்கிறது. மூளையில் டோபமைன், நார்அட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருட்கள் வேலை செய்யும் விதத்துக்கு இதில் பங்கு இருக்கிறது. எடிட்டிங்கில் ஓர் இடத்தை வெட்டி ஒட்டினால் அடுத்த நொடியே பலன் திரையில் தெரிகிறது. மூன்று மாதம் கழித்து வரப்போகும் மதிப்பெண்ணுக்கு உங்களை இன்றைக்கு நாற்காலியில் பிடித்து வைக்கிற வலு இல்லை. தேர்வுக்கு முந்தைய இரவு மட்டும் எப்படியோ படிக்க முடிகிறதே, அதற்கும் இதுதான் காரணம்: அன்றைக்குத்தான் அது மூளைக்கு 'இப்போது' ஆகிறது.

இதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். பிடித்த வேலையில் மூழ்கிப்போவது யாருக்கும் உண்டு. 2013-ல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற மனநல வகைப்பாட்டு நூலின்படி, கவனக்குறைவுக்கு 9 அறிகுறிகள், துறுதுறுப்புக்கும் அவசரத்துக்கும் சேர்த்து 9 அறிகுறிகள். 17 வயது நிரம்பியவருக்கு ஏதாவது ஒரு பட்டியலில் குறைந்தது 5 இருக்க வேண்டும். அவை 6 மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். சிலவாவது 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, படிப்பு, வேலை என்று இரண்டு இடங்களிலாவது தொல்லை கொடுத்திருக்க வேண்டும். ஆகவே இந்த வருடம் மட்டும் படிப்பு ஓடவில்லை என்றால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

நோய் முடிவாகட்டும், ஆகாமல் போகட்டும், படிக்க உட்காருவதை இப்படி மாற்றிப் பாருங்கள். "இன்னைக்குப் படிக்கணும்" என்பதை மூளையால் எந்தப் பக்கமும் பிடிக்க முடியாது. "42-ம் பக்கத்து மூன்றாம் கணக்கைத் தாளில் எழுதணும்" என்றால் கை தானாகப் பேனாவைத் தேடும். முந்தைய இரவே அந்தப் பக்கத்தைத் திறந்து, தாளையும் பேனாவையும் அதன் மேலேயே வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் 'எங்கே ஆரம்பிப்பது' என்ற கேள்வியிலேயே பாதிப் பேர் கவிழ்கிறார்கள். பத்தியைப் படிப்பதற்கு முன்னால் அதன் முடிவில் உள்ள கேள்வியைப் படியுங்கள். எதையோ தேடிப் போகிற கண் வரியைத் தாண்டி ஓடாது.

முதல் வாரம் 10 நிமிடத்துக்குக் கடிகாரம் வைத்தால் போதும். பலர் 25 நிமிடத்தில் தொடங்கி, 12-ம் நிமிடத்தில் நழுவி, "எனக்கு எதுவும் ஒத்துவராது" என்று விட்டுவிடுகிறார்கள். பக்கத்தில் ஒரு துண்டுத் தாள் இருக்கட்டும். "மின்கட்டணம் கட்டினோமா?" என்று நடுவில் தோன்றினால் எழுந்து போய்ப் பார்க்காமல் இரண்டு வார்த்தை குறித்துவிட்டு வரிக்குத் திரும்புங்கள். கைப்பேசியைக் கவிழ்த்து வைப்பது போதாது, அது வேறு அறையில் இருக்க வேண்டும். இடைவேளையிலும் அதைத் தொடாதீர்கள். தண்ணீர் குடியுங்கள், மாடிப்படி ஏறி இறங்குங்கள். உங்களுக்குத் தொடங்குவது கடினம் என்றால் நிறுத்துவது அதைவிடக் கடினம். ஐந்து நிமிட வீடியோ ஐம்பது நிமிடமாவது இப்படித்தான்.

பேசாமல் தன் வேலையைப் பார்க்கிற ஒருவர் அதே அறையில் இருந்தாலே பலருக்குக் கவனம் நிற்கிறது. நூலகமோ, வீடியோ அழைப்பில் ஒரு நண்பரோ போதும். இரண்டு மூன்று வாரத்தில் எந்த முறையும் ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்குச் சலித்துப்போகும். அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இடத்தை மாற்றுங்கள், பாட வரிசையை மாற்றுங்கள், பத்து நிமிடத்தைப் பதினைந்தாக்குங்கள்.

கே: என் மகனுக்கு 23 வயது. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். தினமும் தாமதம். நான்கு அலாரம் வைக்கிறான், எழுந்தும் விடுகிறான், ஆனாலும் ஒன்பதரை மணி அலுவலகத்துக்குப் பத்தேகாலுக்குத்தான் போய்ச் சேருகிறான். இரண்டாவது எச்சரிக்கைக் கடிதமும் வந்துவிட்டது. மருத்துவர் ஏ.டி.எச்.டி. என்று சொல்லியிருக்கிறார். நான் பின்னாலேயே நின்று கத்தினால்தான் கிளம்புகிறான். எத்தனை நாளைக்கு இப்படி?

ப: அம்மா, எழுந்தும் தாமதமாகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இதில் அலாரத்துக்கு வேலை இல்லை. எழுவதற்கும் வாசலைத் தாண்டுவதற்கும் நடுவில் நேரம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்கு நேரத்தின் ஓட்டம் உள்ளுக்குள் சரியாகத் தெரிவதில்லை. அவர்கள் கணக்கில் இரண்டே நேரம்தான்: 'இப்போ', 'இப்போ இல்லை'.

அவரிடம் கேட்டால் சொல்லும் கணக்கு ஏறக்குறைய இப்படி இருக்கும்: குளிக்க 10, உடுத்த 5, சாப்பிட 10, பயணம் 30. ஆக 55 நிமிடம், எட்டரைக்கு எழுந்தால் போதும். இப்போது ஐந்து வேலை நாட்கள், எதையும் மாற்றாமல், உண்மையில் ஆகும் நேரத்தை அவரையே குறித்துவைக்கச் சொல்லுங்கள். குளியல் 18, உடுத்த 12, சாப்பாடு 14, சாவி, அடையாள அட்டை, சார்ஜர் தேட 9, பூட்டி வண்டியை எடுக்க 6, சாலையில் 37, வண்டியை நிறுத்திவிட்டு இருக்கைக்குப் போக 8 என்று வந்தால் மொத்தம் 104 நிமிடம். அவர் மனக்கணக்கைவிட 49 நிமிடம் அதிகம். நீங்கள் எழுதிய முக்கால் மணித் தாமதத்துக்கு இதுவே கணக்காகிவிடும். அவர் பொய் சொல்லவில்லை. பெரிய வேலைகளை மட்டும் எண்ணுகிறார். தேடுவது, பூட்டுவது, நிறுத்துவது, நடப்பது எல்லாம் அவர் எண்ணத்தில் விழுவதே இல்லை.

இந்த எண்களை அவர் கையாலேயே எழுதுவது முக்கியம். நீங்கள் எழுதி நீட்டினால் அது இன்னொரு வசவாகிவிடும்.

பிறகு பின்னாலிருந்து எண்ண வேண்டும். 9.30-க்கு இருக்கையில் இருக்க வேண்டுமென்றால் வண்டி 8.45-க்குத் தெருவில் இருக்க வேண்டும். அதற்கு 8.39-க்குச் செருப்போ ஷூவோ காலில் ஏற வேண்டும். இனி அவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய எண் 8.39, அவ்வளவுதான். ஒன்பதரை என்பதை மறந்துவிடலாம். கைப்பேசி அலாரத்துக்கு 'ஷூ' என்றே பெயர் வைக்கலாம். குளியலறையில் கைப்பேசி இருக்காது. முள் உள்ள சுவர்க்கடிகாரம் ஒன்றை அங்கே மாட்டுங்கள். எண்கள் மட்டும் காட்டும் கடிகாரத்தில் 8.12 என்பது வெறும் எண்ணாகத் தெரிகிறது. முள் கடிகாரத்தில் மீதி இருக்கிற துண்டு கண்ணுக்குத் தெரிகிறது.

சாவிக்கு வாசல் பக்கத்தில் ஓர் ஆணி. அடையாள அட்டையும் அங்கேயே. சார்ஜர் இரண்டு வாங்கி, ஒன்று பையை விட்டு வெளியே வராமல் இருக்கட்டும். பையை இரவிலேயே வாசலோரம் வைத்துவிட வேண்டும். அந்த 9 நிமிடத் தேடல் இதிலேயே போய்விடும்.

பெரும்பாலானவர்கள் கடைசியில் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. எல்லாம் முடிந்து, கிளம்ப ஐந்து நிமிடம் மீதி இருக்கும். "அதுக்குள்ள இந்த ஒரு மெசேஜுக்குப் பதில் போட்டுடலாம்" என்று உட்காருவார். நிமிரும்போது இருபது நிமிடம் ஓடியிருக்கும். ஷூ ஏறிய பிறகு புதிதாக எதையும் தொடுவதில்லை என்ற ஒரே ஒரு விதி, பத்து அறிவுரைக்குச் சமம். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் மெசேஜை அங்கே உட்கார்ந்து பார்க்கட்டும்.

நீங்கள் கத்துவதால் வேலை நடக்கிறது, உண்மைதான். பயமும் ஒரு வகை அவசரம் என்பதால் மூளை அதற்கு அசைகிறது. ஆனால் நாளுக்கு நாள் கூடுதல் சத்தம் தேவைப்படும், நீங்கள் ஊரில் இல்லாத அன்று எல்லாம் நின்றுவிடும். ஒரேயடியாகவும் கைவிட்டுவிடாதீர்கள். சாயங்காலம் இருவரும் அமைதியாக இருக்கும்போது, "எந்த இடத்துல மாட்டிக்கிறே, அந்த இடத்துல நான் என்ன செஞ்சா உதவும்?" என்று கேளுங்கள். 8.30-க்கு ஒரு முறை கதவைத் தட்டினால் போதும் என்று அவர் சொன்னால், ஒரு முறை மட்டும் தட்டுங்கள். இரண்டு மாதத்தில் அதையும் ஒரு கடிகாரத்திடம் ஒப்படைத்துவிடலாம்.

என்ன செய்ய வேண்டும் என்பது இவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தது அந்த நொடியில் கைக்கு வருவதில்லை. அதனால்தான் உட்காரவைத்துச் சொல்லும் புத்திமதி பலிப்பதில்லை. ஆணியிலும் சுவர்க்கடிகாரத்திலும் வாசலோரப் பையிலும் வைக்கிற உதவி பலிக்கிறது.

கே: நான் 26 வயதுப் பெண். பள்ளியில் எப்போதும் முதல் மூன்று இடங்களுக்குள். துடுக்கு எதுவும் கிடையாது, சாதுவான பிள்ளை என்றே பெயர். வேலைக்கு வந்து தனியாக இருக்க ஆரம்பித்த பிறகு எல்லாம் குலைந்துவிட்டது. மின்னஞ்சல்கள் திறக்கப்படாமல் கிடக்கின்றன, துவைத்த துணி மீண்டும் நாற்றம் எடுக்கும்வரை இயந்திரத்திலேயே கிடக்கிறது. பதற்ற நோய் என்று மருந்து சாப்பிட்டேன், பதற்றம் குறைந்தது, இது மாறவில்லை. நன்றாகப் படித்த எனக்கு ஏ.டி.எச்.டி. இருக்குமா?

ப: இருக்கலாம். மதிப்பெண் அதிகம் என்பது 'இல்லை' என்பதற்கு ஆதாரம் ஆகாது. பள்ளியில் மணி அடித்தது, வீட்டில் யாரோ துணியை எடுத்துக் காயப்போட்டார்கள், ஒவ்வொரு மாதமும் ஒரு தேர்வு வந்து அவசரத்தை உண்டாக்கியது. அந்தத் தாங்குகட்டைகள் எல்லாம் உங்களுக்குத் தனி வீடு கிடைத்த அன்று ஒரே நாளில் விலகிவிட்டன. பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் இவ்வளவு பேர் வந்து நிற்பது இதனால்தான். நோய் அப்போது புதிதாக வருவதில்லை.

கவனக்குறைவு மட்டும் மேலோங்கிய வகையில் நாற்காலியை விட்டு எழுந்து ஓடுகிற பிள்ளை இருக்காது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, வகுப்புக்கு இடைஞ்சல் இல்லாமல் உட்கார்ந்திருக்கும். ஆசிரியருக்குப் புகார் சொல்ல ஒன்றும் இல்லை. பெண்களிடம் இந்த வகை அதிகம் தெரிவதால், இளம் வயதில் கண்டுபிடிக்கப்படாமல் போகிறவர்களில் அவர்களே கூடுதல். மற்றவர் ஒரு மணி நேரத்தில் முடிப்பதை நான்கு மணி நேரம் விழித்து முடித்து, யாருக்கும் தெரியாமல் ஈடுகட்டியிருப்பார்கள்.

பதற்றமும் மனச்சோர்வும் ஏ.டி.எச்.டி.யோடு சேர்ந்தே வருவது மிகச் சாதாரணம். அதைப் போல வேடம் போடுவதும் உண்டு. காலக்கோட்டைப் பார்த்தால் ஓரளவு பிரித்தறியலாம். மனச்சோர்வில் "இந்த மாதத்திலிருந்துதான்" என்று ஒரு தொடக்கம் சொல்ல முடியும். பதற்றத்தில் கவலை ஏறும்போது கவனம் சிதறும், கவலை இறங்கினால் திரும்பும். ஏ.டி.எச்.டி. சின்ன வயது முதல், நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் கூடவே வந்திருக்கும். பதற்றம் குறைந்தும் இது மாறவில்லை என்ற உங்கள் வரியை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். தைராய்டு, ரத்தசோகை, தூக்கத்தில் மூச்சுத்தடை, நாள்பட்ட தூக்கக்குறைவு ஆகியவையும் இதே மாதிரி மந்தத்தைத் தரும் என்பதால், அவற்றைப் பார்த்து விலக்குவதும் பரிசோதனையின் பகுதிதான். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் கவனம் மோசமாவதாகப் பல பெண்கள் சொல்கிறார்கள். இரண்டு மூன்று சுழற்சிக்கு நாட்காட்டியில் குறித்துக்கொண்டு போனால் மருந்தளவு பற்றிப் பேசும்போது பயன்படும்.

துணி விஷயத்துக்கு உடனடி வழி: இயந்திரத்தை ஓடவிடும்போதே, அது முடியும் நேரத்துக்கு அலாரம் வைத்து, காலி வாளியை நீங்கள் கட்டாயம் நடந்து போகும் வழியில் குறுக்கே வையுங்கள். அது காலில் இடற வேண்டும். கண்ணுக்கு மறைந்தது இந்த மூளைக்கு இல்லாததுதான்.

கே: என் அறைத்தோழனுக்கு ஏ.டி.எச்.டி. நான் சொல்வதற்கெல்லாம் "ம்" என்பான், அரை மணியில் "எப்போ சொன்னே?" என்பான். கேட்டால், "என் நிலைமை அப்படி" என்கிறான். எவ்வளவுதான் பொறுத்துக்கொள்வது?

ப: அவர் "ம்" என்பதைக் கேட்டுக்கொண்டார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சொன்னதைச் சில நொடிகள் மனதில் ஏந்தி வைத்துக்கொள்கிற நினைவு இவர்களுக்குச் சிறிய தட்டு மாதிரி. புதிதாக ஒன்று விழுந்தால் பழையது வழிந்துவிடும். நடந்துகொண்டோ வேறு திரையைப் பார்த்துக்கொண்டோ இருக்கும்போது சொல்லாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரே விஷயம், அதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்; அல்லது சொல்லாமல் மெசேஜாக அனுப்பிவிடுங்கள். வாடகை, எரிவாயு, குப்பை போன்ற நிரந்தர வேலைகளில் பேச்சே வேண்டாம். யாருக்கு எந்த நாள் என்று கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.

உங்கள் தோழருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நோய் ஏன் மறந்தது என்பதற்குக் காரணம் சொல்லும். மறந்ததால் நீங்கள் பட்ட சிரமத்தை அது துடைத்துவிடாது. "மறந்துட்டேன், மன்னிச்சுக்கோ, இனிமே மறக்காம இருக்க இதைச் செஞ்சிருக்கேன்" என்று மூன்றும் சேர்ந்து வர வேண்டும். மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டு மட்டும் வந்துகொண்டே இருந்தால் உறவு தேய்ந்துபோகும்.

கே: சம்பளம் நன்றாகவே வருகிறது. இருந்தும் கடன் அட்டைக்கு அபராதம், கட்ட மறந்த தவணை, பிரித்துக்கூடப் பார்க்காத பொருட்கள். வயது 28.

ப: இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இதில் கலந்திருக்கின்றன. மறதிக்கு மருந்து தானியங்கிக் கட்டணம். சம்பளம் வரும் தேதிக்கு மறுநாளே எல்லாத் தவணையும் தானாகப் போகும்படி தேதிகளை மாற்றிக்கேளுங்கள். கடன் அட்டைக்குக் குறைந்தபட்சத் தொகை அல்ல, முழுத்தொகை என்று குறிக்க வேண்டும். அவசர வாங்கலுக்கு மருந்து தடங்கல். கடைச் செயலிகளில் சேமித்து வைத்த அட்டை எண்ணை அழித்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் எழுந்து போய் அட்டையை எடுத்துப் பதினாறு எண்ணையும் தட்ட வேண்டும் என்றால் பாதி ஆசை அங்கேயே அடங்கும். மீதிக்கு, கூடையில் போட்டு மூன்று நாள் வைப்பது. செலவுக்கென்று தனிக் கணக்கு, அதில் வாரா வாரம் ஒரு தொகை. தீர்ந்தால் அடுத்த வாரம்தான். வரவுசெலவு நோட்டில் தினமும் எழுதச் சொல்லி நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். அது நான்காம் நாள் நிற்கும், குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும்.

கே: ராத்திரி மூன்று மணிவரை தூக்கமே வருவதில்லை. அப்போதுதான் மூளை நன்றாக வேலை செய்கிறது. இதற்கும் ஏ.டி.எச்.டி.க்கும் சம்பந்தம் உண்டா?

ப: உண்டு. ஏ.டி.எச்.டி. உள்ளவர்களில் கணிசமானோருக்கு உடல் கடிகாரமே பின்தள்ளி ஓடுகிறது, தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பு தாமதமாகத் தொடங்குகிறது. இதோடு, இரவில் யாரும் எதுவும் கேட்பதில்லை, அழைப்பு வருவதில்லை என்ற நிம்மதியும் சேர்கிறது. படுக்கும் நேரத்தை அதட்டிப் பயனில்லை. எழும் நேரத்தைப் பிடியுங்கள், விடுமுறையிலும் அதேதான். எழுந்த அரை மணிக்குள் வெளியே வெளிச்சத்தில் 20, 30 நிமிடம் நில்லுங்கள் அல்லது நடங்கள். இப்போது பத்துக்கு எழுகிறீர்கள் என்றால் ஏழுக்குத் தாவாமல், மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை 15 நிமிடம் முன்னே நகர்த்துங்கள். காபி, டீ பிற்பகலோடு முடிய வேண்டும். ஏ.டி.எச்.டி. மாத்திரையை மதியம் தாண்டிச் சாப்பிடும் பழக்கம் இருந்தால், அதுவே காரணமாகவும் இருக்கலாம். நேரத்தை மாற்ற முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். தூக்கம் சரியாகாமல் கவனத்துக்கு எவ்வளவு மருந்து கொடுத்தாலும் பாதிப் பலன்தான்.

கே: ஏ.டி.எச்.டி.க்கு மீத்தைல்ஃபெனிடேட் என்ற மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இணையத்தில் போதை மருந்து மாதிரி எழுதியிருக்கிறது. பயமாக இருக்கிறது. வாழ்நாள் முழுதும் சாப்பிட வேண்டுமா?

ப: பயப்படுவதில் தவறில்லை, ஆனால் விவரம் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். இது 1944-ல் முதன்முதலாகத் தயாரிக்கப்பட்ட பழைய மருந்து. டோபமைனும் நார்அட்ரினலினும் நரம்பு முனைகளில் உடனே திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுத்து, கொஞ்ச நேரம் கூடுதலாக அவை வேலை செய்ய விடுகிறது. சாதாரண மாத்திரை 3 முதல் 4 மணி நேரம் வேலை செய்யும். மெதுவாகக் கரையும் வகை, தயாரிப்பைப் பொறுத்து 8 முதல் 12 மணி நேரம். குறைந்த அளவில் தொடங்கி, படிப்படியாக ஏற்றி, உங்களுக்குப் பொருந்தும் அளவைக் கண்டுபிடிப்பார்கள். அதற்குச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் "ஒண்ணும் தெரியலையே" என்று நிறுத்திவிடுவதும், "நல்லா இருக்கே" என்று தானே இரண்டாகப் போட்டுக்கொள்வதும்தான் அடிக்கடி நடக்கும் தவறுகள்.

பசி மந்தமாகும், தூக்கம் தள்ளிப்போகலாம், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சற்று ஏறலாம். அதனால் தொடங்கும் முன்பும் அளவு மாற்றும்போதும் அழுத்தம், நாடி, எடை மூன்றையும் பார்க்க வேண்டும். காலை உணவை மாத்திரைக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது, மதியம் பசிக்காது. மருந்தின் வேகம் இறங்கும் மாலை நேரத்தில் ஓரிரு மணி நேரம் எரிச்சல் வரும் சிலருக்கு. அதை மருத்துவரிடம் சொன்னால் வகையையோ நேரத்தையோ மாற்றிச் சரிசெய்யலாம். இதய நோய், கண்ணழுத்த நோய், முன்பு மனப்பிறழ்வு அல்லது இருதுருவ நோய், குடும்பத்தில் இளவயதுத் திடீர் மரணம் இவற்றில் எது இருந்தாலும் முதல் நாளே மறைக்காமல் சொல்ல வேண்டும். கர்ப்பத் திட்டம் இருந்தாலும் அப்படியே.

எழுதிக் கொடுத்த அளவில் வாய்வழி சாப்பிடுபவருக்கு அடிமையாகும் ஆபத்து குறைவு. பொடித்து உபயோகிப்பது, தேர்வுக்காக நண்பனிடம் வாங்கி விழுங்குவது ஆகியவைதான் ஆபத்து. உங்கள் மாத்திரையை யாருக்கும் கொடுக்காதீர்கள். போதைப் பழக்க வரலாறு உள்ளவர்களுக்கும் இது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அட்டோமாக்செட்டின் என்ற மாற்று உண்டு. அது போதை தராது, ஆனால் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் பொறுக்க வேண்டும். வாழ்நாள் முழுதும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆண்டுக்கு ஒரு முறையாவது, இன்னும் தேவையா என்று மருத்துவரோடு சேர்ந்து மறுபரிசீலனை செய்வதுதான் முறை.

மாத்திரை உங்களை நாற்காலியில் உட்காரவைக்கும். உட்கார்ந்து எதைச் செய்வது என்பதை அது சொல்லாது. காலை எட்டரைக்கு அது பிடிக்கிறபோது கையில் கைப்பேசி இருந்தால், மிகுந்த கவனத்தோடு கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பெரியவர்களுக்கான ஏ.டி.எச்.டி.க்கென்றே வடிவமைத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இந்த இடத்தில்தான் தேவைப்படுகிறது. திட்டமிடல், தள்ளிப்போடுதல், தன்னைத் தானே திட்டிக்கொள்ளும் பழக்கம் ஆகியவற்றை வாரம் ஒன்றாக எடுத்துப் பழக்குவார்கள்.

கே: வண்டி ஓட்டும்போது கவனிக்க வேண்டியது?

ப: ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்கு விபத்து வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பது பல ஆய்வுகளில் தெரிந்தது. கைப்பேசி பூட்டிய பைக்குள். பாட்டு, வழிகாட்டி எல்லாம் வண்டி நகரும் முன்னே முடிவாக வேண்டும். தாமதமாகிவிட்ட அன்று, "தாமதமாகிறது" என்று ஓரமாக நின்று ஒரு மெசேஜ் போட்டுவிட்டு நிதானமாகப் போங்கள். மருந்து இறங்கியிருக்கும் இரவு நேர நீண்ட பயணத்தில் முடிந்தால் வேறொருவர் ஓட்டட்டும்.

கே: இணையத்தில் ஆறு கேள்விகளுக்குப் பதில் சொன்னேன், "ஏ.டி.எச்.டி. வாய்ப்பு அதிகம்" என்று வந்தது. அடுத்து என்ன செய்வது? மருத்துவரிடம் போனால் என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

ப: உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கப்பட்ட 18 கேள்விப் படிவம் ஒன்று உண்டு, அதன் முதல் ஆறைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அது சல்லடை மட்டுமே. 'மேலே பார்க்க வேண்டும்' என்று சொல்லும், 'இதுதான்' என்று சொல்லாது. ரத்தப் பரிசோதனையோ மூளை ஸ்கேனோ இதை உறுதிசெய்வதில்லை. மனநல மருத்துவர் உங்கள் வரலாற்றைக் கேட்டுத்தான் முடிவுக்கு வருவார். ஆகவே நீங்கள் கொண்டுபோகும் வரலாறு எவ்வளவு துல்லியமோ அவ்வளவு நல்லது.

பழைய பள்ளி அறிக்கை அட்டைகள் கிடைத்தால் எடுங்கள். மதிப்பெண்ணைவிட, "கவனம் தேவை", "அவசரப்பட்டுத் தவறு செய்கிறான்", "பொருட்களைத் தொலைக்கிறாள்" என்ற குறிப்புகள்தான் வேண்டும். சின்ன வயதில் உங்களைப் பார்த்த ஒருவரை, அம்மா, அப்பா, அக்கா யாராக இருந்தாலும், கூட்டிப் போங்கள், இல்லாவிட்டால் தொலைபேசியில் பேசத் தயாராக வையுங்கள். ரத்த உறவுகளுக்குள் இது அதிகம் கடந்து வருவதால் குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படியா என்றும் கேட்பார்கள். இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளும், தூக்க நேரமும், மது, புகை விவரமும் ஒரு பக்கத்தில் இருக்கட்டும்.

"எனக்குக் கவனம் இல்லை டாக்டர்" என்று மட்டும் சொன்னால் அதில் அவருக்குப் பிடிமானம் இல்லை. கடந்த ஒரு மாதத்தில் நடந்தவற்றைத் தேதியோடு எழுதுங்கள்: 4-ம் தேதி அடுப்பை அணைக்க மறந்து பாத்திரம் கருகியது, 9-ம் தேதி தவணை தவறி அபராதம், 15-ம் தேதி கூட்டத்தில் மேலாளர் பேசி முடிக்கும் முன் குறுக்கிட்டது, 21-ம் தேதி அறிக்கையைத் திறக்கவே இரண்டு மணி நேரம். ஏழெட்டு போதும். அதனால் என்ன இழப்பு என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். நல்லது எதுவும் நடந்திருந்தால், எந்த ஏற்பாட்டில் வேலை ஓடியது என்பதையும் விட்டுவிடாதீர்கள், சிகிச்சைக்கு அது உதவும்.

மருத்துவரைப் பார்க்கும் நாளில் அந்தக் காகிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போக நிறைய வாய்ப்பு இருக்கிறது. எழுதி முடித்த கையோடு கைப்பேசியில் படமெடுத்து, கூட வருபவருக்கும் அனுப்பிவிடுங்கள். சந்திப்பு நேரத்துக்கு இரண்டு அலாரம்: ஒன்று முந்தைய நாள் மாலை, இன்னொன்று ஷூ போட வேண்டிய நேரத்துக்கு.